கோப்பையைத் திருப்பிப் பாருங்கள்

சிங்கப்பூர் போய்வந்த குடும்பங்களின் ஆல்பம் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். மெர்லயன் சிங்கம் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும், அதை வாய் திறந்து குடிப்பது போல அப்பா ஒரு போஸ் கொடுப்பார். அடுத்தது செந்தோசா. அதற்கடுத்து மூன்று கட்டடத்தின் தலையில் கப்பலை வைத்த அந்த ஓட்டல். கடைசி நாள் சிராங்கூன் ரோடு பக்கம் முஸ்தபாவுக்குப் போய், கோடாலித் தைலமும் சாக்லேட்டும் அள்ளி, பெட்டியின் எடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினால் டூர் முடிந்தது. சிங்கப்பூரைப் பார்த்தாகிவிட்டது!

இந்தப் பட்டியலில் ஒரு முக்கியமான இடம் விட்டுப்போகிறது. குடியிருப்புக்குக் கீழே இருக்கும் சாதாரண மளிகைக் கடை. உள்ளூர்க்காரர்கள் சட்டை கசங்கி, வேலை முடிந்து, அரிசியும் முட்டையும் வாங்க வருகிற கடை. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் முதல் நாளே அங்கே ஒரு மணி நேரம் செலவழிக்க வேண்டும். வாங்குவதற்கு அல்ல, படிப்பதற்கு. அதுவும் விருத்தாசலம் மாதிரி ஊரிலிருந்து போகிறவர்கள் கட்டாயம் போக வேண்டும். ஏன் விருத்தாசலம் என்பதற்குப் பிறகு வருவோம்.

"மளிகைக் கடையில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கதை. 1989 செப்டம்பரில் போரிஸ் யெல்ட்சின் அமெரிக்கா போனார். அப்போது அவர் சோவியத் நாடாளுமன்ற உறுப்பினர். ஹூஸ்டனில் இருக்கும் ஜான்சன் விண்வெளி மையத்தைச் சுற்றிக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு வரும் வழியில், முன் ஏற்பாடு இல்லாமல் ராண்டால்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தார். ராக்கெட் அவரை அவ்வளவாக அசைக்கவில்லை. ராக்கெட் அவர்கள் நாட்டிலும் இருந்தது. ரொட்டிக்குக் க்யூ இல்லாமல், சாதாரண மக்கள் கூடையைத் தள்ளிக்கொண்டு போய் வேண்டியதை எடுத்துப் போட்டதுதான் அவரை உலுக்கியது. பின்னால் தன் சுயசரிதையிலேயே அதைப் பற்றி எழுதினார். இரண்டே வருடத்தில் ரஷ்யாவின் அதிபரும் ஆனார். அந்தக் கடைதான் காரணம் என்று சொன்னால் அது ஓவர். ஆனால் ஒரு நாட்டை அளக்க மியூசியத்தை விட மளிகைக் கடை நல்ல அளவுகோல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சிங்கப்பூருக்கே திரும்புவோம். தான் சாப்பிடுவதில் 90 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிற நாடு அது. அங்கே மளிகைக் கடைக்குள் நடப்பது உலக வரைபடத்தின் மேல் நடப்பது மாதிரி. அரிசி தாய்லாந்து, வியட்நாம், இந்தியா. காய்கறி மலேசியா, சீனா. பால் ஆஸ்திரேலியா. எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

நம் கண்ணுக்கு உடனே படுகிற வித்தியாசம் ஒன்று உண்டு. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் எம்.ஆர்.பி. இருக்காது. விலை அலமாரி விளிம்பில் ஒட்டியிருக்கும். அது கடைக்காரர் வைக்கிற விலை. பக்கத்துத் தெருவில் அதே பிஸ்கட் வேறு விலைக்கு இருக்கலாம். எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலையைப் பாக்கெட்டின் மேலேயே அச்சடிக்கச் சொல்கிற நம் ஊர் முறை உலகத்தில் அபூர்வம். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் எல்லா நாட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருப்போம். நம் சொந்த ஊர்ப் பழக்கம் எவ்வளவு வினோதமானது என்று தெரிவதற்கே ஒரு வெளிநாட்டுக் கடை தேவைப்படுகிறது.

குளிர்பான அலமாரியில் இன்னொரு வேடிக்கை. 2022 கடைசியிலிருந்து பாட்டில் பானங்களுக்குச் சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்து ஏ, பி, சி, டி என்று கிரேடு போடுகிறார்கள். சி, டி வாங்கியவை அதை நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நல்லவேளை, காலேஜில் யாரும் இப்படி ஒட்டுவதில்லை!

அரிசி அலமாரியில் அரசியலே இருக்கிறது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. டெல்லியில் ஒரு கையெழுத்து. அடுத்த சில நாளில் அமெரிக்காவில் இருக்கும் இந்திய மளிகைக் கடைகளில் கூட்டம் முண்டியடித்தது, சில கடைகளில் ஆளுக்கு ஒரு மூட்டைதான் என்று போர்டு வைத்தார்கள். சிங்கப்பூர் அரசு நம் அரசோடு பேச, அந்த நாட்டுக்கு விதிவிலக்கு தருவதாக ஆகஸ்டில் இந்தியா அறிவித்தது. 2024 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. நம் ஊர் டெல்டாவில் விளைவது இன்னொரு நாட்டுச் சமையலறையில் எவ்வளவு முக்கியம் என்பது நமக்குத் தெரிந்திருக்குமா? அந்த அலமாரிக்குத் தெரியும்.

சரி, இப்போது விருத்தாசலம்.

தெரியாதவர்களுக்காக: கடலூர் மாவட்டம், மணிமுத்தாற்றங்கரை, பழைய பெயர் திருமுதுகுன்றம். விழுப்புரம் - திருச்சி ரயில் பாதையில் போகிறவர்களுக்கு அது ஒரு ஜங்ஷன். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு விருத்தகிரீஸ்வரர். ஆனால் தொழில் என்று பார்த்தால் அது பீங்கான் ஊர். பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ படிப்பு இருக்கிறது. பக்கத்தில் நெய்வேலி, நிலக்கரிக்காக மேல் மண்ணைத் தோண்டும்போது பீங்கானுக்கு ஏற்ற களிமண்ணும் கிடைக்கிறது. ஊரைச் சுற்றி முந்திரிக்காடு. முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் புது ரகம் கண்டுபிடிக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. வி.ஆர்.ஐ. 3 என்று முந்திரி ரகம் இருக்கிறதே, அதில் உள்ள வி.ஆர்.ஐ. விருத்தாசலம்தான். பக்கத்து ஊர் பண்ருட்டி, பலாவுக்குப் பேர்போனது.

இந்த ஊர்க்காரர் ஒருவர் வெளிநாட்டு மளிகைக் கடைக்குள் போகிறார் என்று வையுங்கள். அவர் மூன்று அலமாரி முன்னால் நின்றே ஆக வேண்டும்.

1. முந்திரி அலமாரி. பாக்கெட்டைத் திருப்பினால் வியட்நாம் என்று இருப்பது சகஜம். முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் 2006-லேயே வியட்நாம் நம்மை முந்திவிட்டது. இந்தியா என்று போட்டிருந்தாலும் அந்தக் கொட்டை இந்திய மரத்தில் காய்த்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகப் பச்சைக் கொட்டை இறக்குமதியாகிறது. அதை வறுத்து, உடைத்து, தோல் உரித்துப் பிரிப்பது நம் ஆட்கள். ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்டால் கை வெந்து போகும். அதை உடைக்கிற பெண்களின் விரல்கள் கறுத்துப் போயிருக்கும். பாக்கெட்டில் 320 என்று கிரேடு போட்டிருந்தால், ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், 300 முதல் 320 பருப்பு நிற்கும் என்று கணக்கு. அவ்வளவு துல்லியமாகப் பருப்பை எண்ணிப் பிரிக்கிறது இந்தத் தொழில். பிரித்த ஊரின் பெயரை மட்டும் எழுத மறந்துவிடுகிறது.

2. டின் அலமாரி. உப்பு நீரில் ஊறும் பலாப்பிஞ்சு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இறைச்சி சாப்பிடாதவர்கள் அதைக் கறிக்குப் பதிலாகச் சமைக்கிறார்கள். அந்த டின்களில் அதிகம் தென்படுகிற பெயர் தாய்லாந்து. பண்ருட்டி ரோட்டோரத்தில் சீசனில் பழத்தை மலை மாதிரி குவித்து வைத்துக் கூவி விற்கிற காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்த டின்னைப் பார்த்தால் வயிறு எரியும்.

3. பாத்திர அலமாரி. பெரிய கடைகளில் ஒரு ஓரமாகக் கோப்பை, தட்டு, கிண்ணம் அடுக்கியிருப்பார்கள். ஒரு கோப்பையை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் சீனா.

இதைப் படித்ததும் "சீனாக்காரன் மலிவாகத் தருகிறான், மெஷின் வைத்திருக்கிறான், நாம் என்ன செய்ய முடியும்?" என்று ஒரு பதில் தயாராக வரும். பாதி உண்மை. ஆனால் விருத்தாசலத்தின் பிரச்சினை சிங்கப்பூரில் ஆரம்பிக்கவில்லை. அது நம் வீட்டிலேயே ஆரம்பிக்கிறது. போன கார்த்திகைக்கு நீங்கள் வாங்கிய பீங்கான் அகல், கொலுவில் மூன்றாம் படியில் நிற்கும் செட்டியார் பொம்மை, பழைய வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டை, பாட்டி உப்பு போட்டு வைத்திருந்த ஜாடி. இதில் எது விருத்தாசலத்திலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? எத்தனை முறை கையில் எடுத்திருப்போம், அடியில் ஊர்ப் பெயரை எப்போதாவது பார்த்திருக்கிறோமா? எம்.சி.பி. சுவிட்ச் வந்ததும் ஃபியூஸ் கட்டைக்கு வேலை குறைந்தது. பிளாஸ்டிக் டப்பா வந்ததும் ஜாடி பரணுக்குப் போனது. பெயர் தெரிந்த பொருளாக இருந்தால் "அந்த ஊர் ஜாடிதான் வேண்டும்" என்று நாலு பேராவது கேட்டிருப்பார்கள். பெயரில்லாத பொருள் காணாமல் போனால் தேட ஆளில்லை.

ஊர்ப் பெயர் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் சரித்திரம் பார்க்கலாம். 19-ம் நூற்றாண்டில் கத்தி, கத்தரிக்கோல் என்றால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. ஜெர்மன் வியாபாரிகள் மட்டமான கத்தியில் ஷெஃபீல்டு என்று முத்திரை குத்தி விற்கிறார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். 1887-ல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று தெளிவாகப் போட வேண்டும் என்பது அதன் நோக்கம். ஜெர்மனியில் செய்தது என்ற வரி பிறந்தது அவமானப்படுத்துவதற்காக. ஜெர்மன்காரர்கள் என்ன செய்தார்கள்? சரக்கின் தரத்தை ஏற்றினார்கள். சில பத்தாண்டுகளில் அதே வரி உயர்ந்த தரத்தின் அடையாளமாகிவிட்டது. அவர்களுடைய கத்தி ஊரான சோலிங்கன் பெயரை வேறு யாரும் பயன்படுத்தக்கூடாது என்று 1938-ல் தனிச் சட்டமே போட்டுக்கொண்டார்கள்.

பீங்கானுக்கும் அப்படி ஒரு ஊர் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டோக் ஆன் ட்ரென்ட். 1759-ல் வெட்ஜ்வுட் தொழில் தொடங்கிய வட்டாரம். அந்த ஊர்க்காரர்கள் எந்த ஊர் ஓட்டலுக்குப் போனாலும் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பார்களாம், அடியில் தங்கள் ஊர் முத்திரை இருக்கிறதா என்று. மற்றவர்களுக்கு அது கேலி. அவர்களுக்கு அது பெருமை. அந்த ஊரிலும் எத்தனையோ சூளைகள் மூடிவிட்டன. ஆனாலும் அந்தப் பெயருக்கு இன்றும் விலை இருக்கிறது.

நம் ஊர்களும் இதைச் செய்யாமல் இல்லை. எந்த நாட்டுத் தமிழ்க் கடைக்குப் போனாலும் சக்தி மசாலா பாக்கெட்டில் ஈரோடு இருக்கும், இதயம் நல்லெண்ணெயில் விருதுநகர் இருக்கும். பழனி பஞ்சாமிர்தம் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது, கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-ல். உத்தரப் பிரதேசத்தில் குர்ஜா என்ற பீங்கான் ஊரும் வாங்கியிருக்கிறது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் வந்தது, 2003-ல் நடைமுறைக்கு வந்தது, 2004-ல் முதல் குறியீட்டை டார்ஜிலிங் தேயிலை வாங்கியது. இதில் வேடிக்கை, இந்தியா முழுவதற்குமான அந்தப் பதிவு அலுவலகம் இருப்பது சென்னை கிண்டியில்!

குறியீடு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அது வெறும் சான்றிதழ். ஃபிரேம் போட்டு மாட்டினால் சுவருக்கு அழகு, அவ்வளவுதான். அலமாரிக்குப் போக வேண்டுமென்றால் நூறு கோப்பையும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் வர வேண்டும். சாப்பாடு படுகிற பீங்கானில் மேல்பூச்சிலிருந்து ஈயமும் காட்மியமும் கரைந்து வெளிவருகிறதா என்று பல நாடுகளில் சோதிப்பார்கள், அதில் தேற வேண்டும். 1200 டிகிரிக்கு மேல் சூளையைச் சீராக எரிக்க எரிபொருள் செலவு இருக்கிறது. உடையாமல் அனுப்பப் பெட்டி வேண்டும். சின்னச் சூளைக்காரர் தனியாக இதையெல்லாம் செய்ய முடியாது, கூட்டாகத்தான் முடியும். உள்நாட்டுச் சந்தையிலேயே குஜராத் மோர்பி மாதிரி ராட்சதக் கூட்டத்தோடு மோத வேண்டியிருக்கிறது. இதெல்லாம் நிஜமான கஷ்டங்கள், ஊதித் தள்ள முடியாது.

ஆனால் பெயர் எழுதுவதற்கு இவ்வளவு கஷ்டமில்லையே? பொம்மையும் கோப்பையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கூழை ஊற்றி எடுக்கிறார்கள். அச்சின் அடியில் ஒருமுறை விருத்தாசலம் என்று பொறித்துவிட்டால், அந்த அச்சில் வருகிற ஒவ்வொரு துண்டும் பெயரோடுதான் பிறக்கும். கூடுதல் மண் இல்லை, கூடுதல் விறகு இல்லை. பின் ஏன் எழுதுவதில்லை? ஒரு காரணம் வாங்கி விற்கும் வியாபாரி. பெயர் தெரிந்தால் அடுத்த ஆர்டர் நேரே ஊருக்குப் போய்விடுமே என்ற பயம் யாருக்கும் இருக்கும். இன்னொரு காரணம் இன்னும் வருத்தமானது. நம் ஊர்ப் பெயரைப் போட்டால் விலை குறையும் என்று நாமே நினைக்கிறோம். துணிக்கடைக்காரர் பாம்பே மாடல் என்கிறார், நாற்காலிக் கடைக்காரர் இத்தாலி டிசைன் என்கிறார். சொந்த ஊர்ப் பெயரைச் சொல்லி விலை ஏற்றுகிற தைரியம் ஒரு சில ஊருக்குத்தான் இருக்கிறது.

பி.காம். முதல் வருடத்தில் பிராண்டிங், பேக்கேஜிங், லேபிளிங் மூன்றையும் வரிசையாக மனப்பாடம் செய்து, ஐந்து மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். ஒரே கோப்பையைப் பெயரில்லாமல் விற்றால் களிமண்ணுக்கும் கூலிக்கும் காசு வரும். பெயரோடு விற்றால் அதற்கு மேலே கொஞ்சம் வரும். அந்தக் கொஞ்சம்தான் சூளையைப் புதுப்பிக்கிறது, பையனை அதே தொழிலில் நிறுத்துகிறது. அந்தக் கொஞ்சம் இல்லாத ஊரில் பீங்கான் டிப்ளமோ படித்த பையனும் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ விசா தேடுகிறான். அங்கே போய் லீவு நாளில் மளிகைக் கடையில் சீனாக் கோப்பை வாங்கி டீ குடிக்கிறான்.

அதனால் வெளிநாடு போகிற நண்பர்களுக்குச் சில யோசனைகள். செலவு எதுவும் இல்லை.

மளிகைக் கடைக்குள் போனால் உங்கள் ஊரில் விளைவது, செய்வது எதுவோ அந்த அலமாரிக்கு நேரே போங்கள். எந்த நாடு, எந்த ஊர், யார் பாக்கெட் போட்டது என்று படியுங்கள். பார்கோடு 890-ல் ஆரம்பித்தால் இந்தியப் பொருள் என்று வாட்ஸப்பில் வருவதை நம்பாதீர்கள். அது பார்கோடு எண் எந்த நாட்டு அமைப்பில் பதிவானது என்பதைத்தான் சொல்லும், பொருள் எங்கே செய்தது என்பதை அல்ல. விலையை நூறு கிராமுக்குக் கணக்குப் போட்டு, ஊரில் தோட்டத்து விலையோடு ஒப்பிடுங்கள். நடுவில் இருக்கிற தூரம் எவ்வளவு என்று தெரியும். பாக்கெட்டை, டின்னை, பெட்டியை போட்டோ எடுங்கள். கடையில் கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை. மெர்லயன் போட்டோ ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. இந்த போட்டோவைக் கொண்டுபோய் முந்திரி உடைக்கிறவரிடமோ சூளைக்காரரிடமோ காட்டுங்கள். "நம்ம சரக்கை அங்கே எப்படி விக்கிறாங்க பாருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு எந்தக் கண்காட்சியும் சொல்லாத விஷயம் அது.

போகாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. அடுத்த கார்த்திகைக்கு அகல் வாங்கும்போது கடைக்காரரிடம் "இது எந்த ஊர் விளக்கு?" என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாமல் இருக்கலாம். நாலு வருடம் நாலு பேர் கேட்டுக்கொண்டே இருந்தால் அவர் தன் மொத்த வியாபாரியைக் கேட்பார், மொத்த வியாபாரி சூளையைக் கேட்பார். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் யாரும் அச்சில் பெயரைப் பொறிப்பார்கள். அந்தக் கோப்பை ஒருநாள் சிங்கப்பூர் அலமாரிக்குப் போகுமா, போகாதா என்பது அப்புறம். முதலில் நம் வீட்டு அலமாரியில் அது பெயரோடு இருக்கட்டும்.